பிபி மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "வீட்டுக்காரர் தறியில் உட்காருகிறவர். பிபி 160-க்கு 100 இருந்தது. டெல்மிசார்ட்டன் கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் கிரியாட்டினின் 1.0-லிருந்து 1.2 ஆகிவிட்டது. கிட்னி போய்விடும் என்று பயந்து நிறுத்திவிட்டோம். சரிதானா ஐயா?"

இதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்பே கொள்ளவில்லை. அம்மா, நீங்களாக நிறுத்தியது தப்பு.

பழைய ஆட்களுக்கு என் சல்லடைக் கதை தெரியும். பரவாயில்லை, இன்னொரு தடவை கேளுங்கள். ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் 10 லட்சம் குட்டிச் சல்லடைகள். வீடு கட்டும்போது மணல் சலிக்கிறோமே, பக்குவமாகக் கொட்டினால் சல்லடை வருஷக்கணக்கில் உழைக்கும். ஓங்கி ஓங்கிக் கொட்டினால் கண் விரிந்து, மேலே நிற்க வேண்டியது கீழே விழும். பிபி ஏறினால் கிட்னியிலும் இதே கதைதான். ரத்தத்தில் நிற்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகும். நாளாக ஆக ரத்தக்குழாய் தடித்து, சில சல்லடைகள் காய்ந்தே போகும். மிச்சமிருப்பவை அந்த வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வதால், கிட்டத்தட்ட பாதி போகும் வரைக்கும் கிரியாட்டினின், அதாவது கிட்னி சலித்து வெளியே தள்ள வேண்டிய கழிவின் ரத்த அளவு, நார்மல் என்றே வரும்.

சரி, மாத்திரை என்ன செய்கிறது? சல்லடைக்கு உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். டெல்மிசார்ட்டன் வெளியே போகும் குழாயைத் தளர்த்துகிறது. உள்ளே அழுத்தம் இறங்குகிறது, சலிப்பதும் கொஞ்சம் குறைகிறது. அதனால்தான் கிரியாட்டினின் லேசாக ஏறுகிறது. 30 சதவீதத்துக்குள் ஏறி அங்கேயே நின்றால் பொதுவாகப் பயமில்லை. அதைத் தாண்டினாலோ, பொட்டாசியம் ஏறினாலோ டாக்டர் மாற்றுவார். உங்கள் வீட்டுக்காரருக்கு ஏறியது 20 சதவீதம்.

1971-லேயே நம் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் கிட்னி மாற்று ஆபரேஷன் செய்துவிட்டார்கள். அப்படிப்பட்ட ஊரில், சிறுநீரில் ஆல்புமின் பார்க்கச் சொன்னால் "அதெல்லாம் எதுக்கு சார்" என்கிறார்கள்! ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் என்று கேளுங்கள். 30-க்குள் இருந்தால் நல்லது.

நீங்கள் கேட்காததை நான் கேட்கிறேன். தறியில் உட்காருகிறவருக்கு முதுகு வலிக்காமல் இருக்குமா? வலிக்கு என்ன போடுகிறார்? பீடி சுற்றும் ஒரு அம்மா என்னிடம் வருவார். ஊறுகாயை விட்டார், கருவாட்டை விட்டார், பிபி இறங்கவே இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் வாயைத் திறந்தார்: தினம் ராத்திரி கடையில் செட்டு மாத்திரை வாங்கிப் போடுகிறாராம். "அது மருந்து இல்லையே சார், வலிக்குத்தானே" என்றார். டைக்ளோஃபெனாக் மாதிரி வலி மாத்திரை பிபியையும் ஏற்றும், கிட்னிக்குப் போகும் ரத்தத்தையும் குறைக்கும். வேலூர் வெயிலில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது போட்டால் இன்னும் மோசம்.

அதனால் நாளைக்கே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நிறுத்தியதை மறைக்காதீர்கள். பிபி மாத்திரை அட்டையோடு வலி மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். செட்டு மாத்திரை என்றால் பேப்பரில் மடித்துக் கொடுத்ததை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.