ஆளைப் பார்த்துத்தான் புத்தகம்

(நூலக வார விழாவையொட்டி வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் என் பேச்சுக்கு 'அண்மையில் வந்த சிறந்த நூல்கள்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அச்சடித்து வந்த பிறகுதான் பார்த்தேன். சிறந்த நூல் எது என்று சொல்ல நான் விமர்சகர் இல்லை. 22 வருஷமாகக் கிளை நூலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவள். எந்தப் புத்தகம் படித்துத் திரும்பி வருகிறது, எது படிக்காமலே திரும்பி வருகிறது, எது திரும்பியே வராது, இந்த மூன்றும் எனக்கு நன்றாகத் தெரியும்.

"யக்கா, நல்ல புத்தகமா ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்று தினமும் யாராவது வந்து நிற்பார்கள். ஜவுளிக்கடையில் போய் "நல்ல துணியா ஒண்ணு குடுங்க" என்றால் கடைக்காரர் சும்மா எடுத்துப் போடுவாரா? யாருக்கு, என்ன வயசு, என்ன விசேஷம் என்று கேட்பார் இல்லையா? நான் அப்படிக் கேட்காமல் எடுத்துக் கொடுத்து ஒருதடவை பட்டுக்கொண்டேன். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இமையத்தின் 'செல்லாத பணம்' நாவலுக்கு 2020க்கான சாகித்ய அகாதெமி விருது கிடைத்த சமயம். நூலகத்துக்கு ஒரு பிரதி வந்திருந்தது. அடிக்கடி வருகிற ஓர் அம்மா, ஐம்பது வயசிருக்கும், நல்ல கதையாகக் கேட்டார். புதுசாக வந்திருக்கிறது, விருது வாங்கியது என்று பெருமையாக நீட்டினேன். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பொறியியல் படித்த பெண், வீட்டை எதிர்த்து ஆட்டோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொள்கிறாள். தினம் அடி, சண்டை. ஒருநாள் தீக்காயத்தோடு புதுச்சேரி ஜிப்மருக்குக் கொண்டுபோகிறார்கள். நாவலின் பெரும்பகுதி அந்தத் தீக்காயப் பிரிவின் வாசலில்தான் நடக்கிறது. அப்பா, அம்மா, அண்ணன், புருஷன் எல்லாரும் அங்கே காத்துக் கிடக்கிறார்கள். எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்கிற அப்பாவிடம் பணம் இருக்கிறது. அந்த இடத்தில் அது செல்லவில்லை. தலைப்பே அதுதான்.

அந்த அம்மா மறுநாளே புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவருடைய தங்கை மகளுக்கு நடந்தது அப்புறம்தான் எனக்குத் தெரியவந்தது.

புத்தகத்தின் மேல் குற்றமில்லை. சொல்லப்போனால் கடந்த பத்து வருஷத்தில் வந்த தமிழ் நாவல்களில் வசனத்தாலேயே கதையைத் தூக்கிக்கொண்டு போனது இதைப்போல வேறு எதுவும் எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஜனங்கள் எப்படிப் பேசிக்கொள்வார்களோ, அதே பேச்சு. ஒருவர் அழும்போதே இன்னொருவர் டீ வாங்கப் போவார். பெண் பிள்ளை பெற்ற அப்பாக்கள் படித்தே ஆகவேண்டும் என்பேன். ஆனால் இப்போதெல்லாம் கேட்காமல் கொடுப்பதில்லை.

நேரமே இல்லை என்கிறவர்களுக்கு ஒன்று வைத்திருக்கிறேன். விவேக் ஷான்பாக் கன்னடத்தில் எழுதிய 'காச்சர் கோச்சர்', தமிழில் கே. நல்லதம்பி கொண்டுவந்தது. பஸ்ஸில் போய்த் திரும்பி வருவதற்குள் முடித்துவிடலாம், அவ்வளவு சின்னது. பெங்களூரில் ஒரு நடுத்தரக் குடும்பம். வரிசை வீடொன்றில் நெருக்கியடித்துக் கிடக்கிறார்கள். வீடு முழுக்க எறும்பு. சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைக்க முடியாது. பிறகு சித்தப்பா மசாலாப் பொடி வியாபாரம் தொடங்குகிறார், காசு வருகிறது, பெரிய வீடு வருகிறது. காசு வந்த பிறகு அந்த வீட்டு மனிதர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் கதை. பெரிய அடிதடி எதுவும் கண்ணெதிரே நடப்பதில்லை. ஆனால் கடைசிப் பக்கத்தை மூடும்போது முதுகில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கும். அந்தத் தலைப்புக்கு எந்த மொழியிலும் அர்த்தம் கிடையாது. சிக்கெடுக்க முடியாதபடி சிக்கிப்போனதற்கு ஒரு வீட்டுப் பிள்ளைகள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வார்த்தை. நம் ஒவ்வொரு வீட்டிலும் அப்படி ஒரு சொல் இருக்கும், வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

நூலகத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிற தையல்காரர் அண்ணாச்சிக்கு இதைக் கொடுத்தேன். மூணாம் நாள் வந்தார். "யக்கா, அந்த வீட்டம்மா எறும்பை நசுக்குறதும் வீட்டுக்கு வந்த பொம்பளையப் பேச்சாலயே விரட்டுறதும் ஒண்ணுதானே?" என்றார். இலக்கியக் கூட்டங்களில் ஒருமணி நேரம் பேசுகிறார்கள். அண்ணாச்சி காஜா எடுத்துக்கொண்டே ஒரு வரியில் முடித்துவிட்டார்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மேல்மாடியை நிறைத்திருக்கிறார்கள். அவர்களிடம் வ.உ.சி. என்று சொன்னால் போதும், பட்டியலாக வரும்: சுதேசிக் கப்பல் கம்பெனி 1906, கைது 12 மார்ச் 1908, தண்டனை 40 ஆண்டு, செக்கு. சரிதான், மார்க் கிடைக்கும். கைதுக்கு மறுநாள் திருநெல்வேலியில் என்ன நடந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். அவர்களுக்காகத்தான் ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' புத்தகத்தைக் கண்ணில் படுகிற தட்டில் வைத்திருக்கிறேன். 2024க்கான சாகித்ய அகாதெமி விருது இதற்குத்தான். 13 மார்ச் அன்று கடைகள் அடைத்தன, கூட்டம் தெருவில் இறங்கியது, நகராட்சி அலுவலகம் எரிந்தது, துப்பாக்கிச் சூட்டில் 4 பேர் செத்தார்கள். வ.உ.சி.யும் அவரோடு கைதான சுப்பிரமணிய சிவாவும் அப்போது சிறையில் இருக்கிறார்கள். அப்படியென்றால் அந்தக் கூட்டம் யார்? தலைவர்கள் இல்லாத நாளில் தெருவுக்கு வந்தவர்கள் என்ன தொழில் செய்தவர்கள், பிடிபட்டவர்களுக்கு என்ன ஆனது? இந்த மாதிரிக் கேள்விகளோடு அரசாங்கக் கோப்புகளைப் புரட்டியிருக்கிறார் ஆசிரியர். ஆய்வு நூல்தான், ஆனால் நடை தடுக்காது. ஒரு பையன் இதைப் படித்துவிட்டு, "பரீட்சையில இதுலருந்து ஒரு கேள்வியும் வராதேக்கா" என்று வருத்தப்பட்டான். வருத்தப்பட்டானே, அது போதும் எனக்கு.

அறிவியல் பக்கம் டோனி ஜோசப்பின் 'ஆதி இந்தியர்கள்'. ஆங்கிலத்தில் 2018இல் வந்து பிறகு தமிழாகியிருக்கிறது. டீக்கடையில் 'யார் இந்த மண்ணுக்குச் சொந்தக்காரர்' என்று சண்டை போடுகிறவர்கள் ஒருதடவை வாசித்துவிட்டு வந்து சண்டையைத் தொடரலாம். ஏறக்குறைய 65,000 ஆண்டுகளுக்கு முன் வந்து சேர்ந்தவர்களிலிருந்து தொடங்கி, அலை அலையாக வந்தவர்கள் எப்படிக் கலந்தார்கள் என்று மரபணுச் சான்றுகளோடு சொல்கிறார். இந்திய மக்கள்தொகையைப் பீட்சாவுக்கு ஒப்பிடுகிறார். அடியில் இருக்கும் ரொட்டி எல்லாத் துண்டுக்கும் பொது, அதுதான் முதலில் வந்தவர்கள். மேலே தூவியதுதான் துண்டுக்குத் துண்டு மாறும். ஊத்தப்பம் என்று எழுதியிருந்தால் எங்கள் ஊரில் இன்னும் சீக்கிரம் புரிந்திருக்கும். நடுவில் சில பக்கங்கள் கடினம்தான், தாண்டிப் போனால் பாவமில்லை.

குழந்தைகளுக்கு என்று கேட்கிற பெற்றோர் பெரும்பாலும் தங்கள் சின்ன வயசுப் புத்தகத்தையே தேடுகிறார்கள். தமிழில் சிறார் எழுத்து இப்போது நன்றாகவே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்', தொடக்கூடாத விதத்தில் தொடுகிறவர்களைப் பற்றிக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது என்று தவிக்கிற வீட்டுக்கானது. மரப்பாச்சிப் பொம்மை பேசுகிற கதையாகவே போகிறது, பயமுறுத்தாது. அம்மாக்கள் முதலில் தாங்கள் படித்துவிட்டுத்தான் பிள்ளையிடம் கொடுக்கிறார்கள். உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியை வைத்து எழுதியது. அங்கே கிடைத்த பானை ஓட்டில் 'ஆதன்' என்ற பெயர் இருக்கிறதே, அந்தப் பெயர்தான். கீழடிக்குச் சுற்றுலா கூட்டிப்போகுமுன் கொடுங்கள். போய்வந்த பிறகு கொடுத்தால் "இதை முன்னாடியே குடுத்திருக்கலாம்ல" என்று சண்டைக்கு வருவார்கள்.

சிறுகதை என்றால் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்'. 2023இல் யுவ புரஸ்கார், அதாவது இளம் எழுத்தாளர்களுக்கான சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. தலைப்புக் கதையில் விடுதியில் தங்கிப் படிக்கிற பையன் ஒருவன் திருக்கார்த்திகைக்குக் கொழுக்கட்டை தின்ன ஏங்குகிறான். கதை அவ்வளவுதான் என்று சொல்லிவிடலாம். ஆனால் பனையோலைக்குள் மாவை வைத்து அவிக்கும்போது வருகிற வாசனை தெரிந்தவர்கள் அந்தக் கதையை அவ்வளவு லேசாகக் கடந்துவிட முடியாது. மாணவர் விடுதிப் பையன்கள் சாயங்காலம் நூலகத்துக்கு வந்து பேப்பர் பார்ப்பார்கள். அதில் ஒருவன் இந்தக் கதையை நின்றுகொண்டே வாசித்தான். உட்காரச் சொன்னேன், காதில் விழவில்லை.

கவிதையை நான் யாருக்கும் எடுத்துக் கொடுப்பதில்லை. அலமாரிப் பக்கம் போய், நடுவில் எங்காவது திறந்து, நாலு வரி பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சபரிநாதனின் 'வால்' தொகுப்பு அப்படித்தான் வெளியே போகிறது. காமிக்ஸ் வேண்டுமா என்று கேட்டால் முறைக்கிற பெரியவர்களே, சிவகாசியிலிருந்து 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப்பேர் உங்கள் வயசுக்காரர்கள்.

கடைசியாக சோ. தர்மனின் 'சூல்'. உருளைக்குடிக் கண்மாயும் அதை நம்பி வாழ்ந்தவர்களும் அந்தக் கண்மாய் கைவிட்டுப் போன கதையும். ஆசிரியருக்கும் அதுவே சொந்த ஊர். கண்மாய்க்குத் தண்ணீர் எந்த வழியாக வரும், மடையை யார் திறப்பார், எவ்வளவு திறப்பார் என்று ஒரு கிராமம் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து வைத்திருந்ததெல்லாம் உள்ளே இருக்கிறது. தொடக்கம் மெதுவாகத்தான் போகும், மழை வருகிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் ஒன்று உண்டு: சொல்ல வேண்டியதை எல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று ஆசிரியர் சில இடங்களில் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்கிறார். ஆனாலும் ஒவ்வொரு ஐப்பசியிலும் இதைக் கேட்டு யாராவது வருகிறார்கள்.

இப்போது கேட்டு வந்தால் கொடுக்க என்னிடம் இல்லை. எங்கள் நூலகத்தின் ஒரே பிரதியை எடுத்துப்போனவர் போன ஆடியிலிருந்து தரவில்லை. அவர் இந்தக் கூட்டத்தில் மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். அபராதம் வேண்டாம், புத்தகம் வந்தால் போதும். நாளைக் காலை எட்டு மணிக்கு நூலகம் திறந்திருக்கும்.