கஞ்சாவுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல்

வணக்கம். பழகிப்போன ஒரு செய்தித் தலைப்போடு தொடங்குவோம்: ‘கஞ்சா போதையில் இளைஞர் வெறிச்செயல்’. நான்கே சொற்கள். இதில் தீர்ப்பு எழுதும் சொல் எது? ‘கஞ்சா’ என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். எனக்கு உறுத்துவது அடுத்த சொல், ‘போதையில்’.

அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது சிறுநீர்ப் பரிசோதனை என்றால், அந்தச் சொல் நிற்காது. சிறுநீர்ப் பரிசோதனை தேடுவது கஞ்சாவில் போதை தரும் வேதிப்பொருளான டி.எச்.சி.யை அல்ல, கல்லீரல் அதைச் சிதைத்தபின் மிஞ்சும் கழிவுப் பொருளை. டி.எச்.சி. உடலின் கொழுப்பில் போய்த் தங்கும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும். எப்போதாவது புகைப்பவர் சிறுநீரில் சில நாள் வரைக்கும், தினமும் புகைப்பவர் சிறுநீரில் வாரக்கணக்கிலும் அதன் தடயம் தெரியும். புகைத்த மயக்கமோ சில மணி நேரத்தில் இறங்கிவிடும். எனவே ‘கஞ்சா பயன்படுத்திய தடயம் இருந்தது’ என்பது வரைதான் அந்த அறிக்கை நம்மை அழைத்துப் போகும். சம்பவம் நடந்த நேரத்தில் அவர் எந்த நிலையில் இருந்தார் என்று அது சொல்லாது. அந்த இடைவெளியை ‘போதையில்’ என்ற ஒற்றைச் சொல் சத்தமில்லாமல் அடைத்துவிடுகிறது.

கஞ்சாவின் பெயரை மாற்றினால் மக்கள் மனம் மாறும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அவர்கள் காட்டும் வரலாறு உண்மைதான். அமெரிக்காவில் மருத்துவர்கள் அறிந்த பெயர் ‘கன்னாபிஸ்’. மெக்சிகோ ஸ்பானிய மொழி வழியாக வந்த பெயர் ‘மரிஹுவானா’. போதைத் தடுப்புப் பிரிவின் தலைவர் ஹாரி ஆன்ஸ்லிங்கரின் பிரசாரத்திலும், 1937 கஞ்சா வரிச் சட்டத்தின் பெயரிலும் ஏறியது இந்த இரண்டாவது பெயர். மருத்துவச் சங்கத்தின் சார்பில் அந்த மசோதாவை எதிர்த்த வில்லியம் உட்வர்ட், கன்னாபிஸ் என்பதே சரியான பெயர் என்று சொல்லித்தான் பேசினார். 1942இல் அங்கே அதிகாரபூர்வ மருந்து நூலிலிருந்து கன்னாபிஸ் நீங்கியது. வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு போர்க்காலக் கயிற்றுக்கு நார்த் தட்டுப்பாடு வந்தபோது, அதே அரசு அதே செடியை ‘ஹெம்ப்’ என்ற பெயரில் பயிரிடும்படி உழவர்களைக் கேட்டுக்கொண்டது. 2022இல் வாஷிங்டன் மாநிலம் தன் சட்டங்களில் மரிஹுவானா என்பதை எடுத்துவிட்டு கன்னாபிஸ் என்று எழுதியது.

பலன்? 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. கேள்வி ஒன்றே, சிலரிடம் மரிஹுவானா என்று கேட்டார்கள், சிலரிடம் கன்னாபிஸ் என்று கேட்டார்கள். சட்ட அனுமதி, ஒழுக்கம், தீங்கு, பயன்படுத்துவோர் மீதான எண்ணம் என்று எந்தக் கோணத்திலும் பதிலில் வேறுபாடு கிடைக்கவில்லை. பெயர்ச்சொல் வெறும் பெயர்ப்பலகைதான் என்பது என் கட்சி. வேலை நடப்பது அதன் பக்கத்தில்.

கேள்வியின் அமைப்பையே பாருங்கள். 2023 இறுதியில் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் சட்டப்படி அனுமதிக்கலாமா, கூடாதா என்று கேட்டது. 70 சதவீதம் பேர் அனுமதிக்கலாம் என்றார்கள். சில மாதம் கழித்து, 2024 தொடக்கத்தில் பியூ மையம் ‘மருத்துவத்துக்கு மட்டும்’ என்ற நடுவாசலையும் திறந்து வைத்துக் கேட்டது. மருத்துவம், பொழுதுபோக்கு இரண்டுக்கும் அனுமதி என்றவர்கள் 57, மருத்துவத்துக்கு மட்டும் என்றவர்கள் 32, கூடவே கூடாது என்றவர்கள் 11 சதவீதம். அந்த 32 பேரை இரண்டே வாசல் உள்ள கேள்வி எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? ஒரு பகுதி இங்கே, ஒரு பகுதி அங்கே. கணக்கெடுப்புச் செய்தியை எழுதும்போது சதவீதத்துக்கு முன்னால் கேள்வியை முழுதாகக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஆளுக்கு வைக்கும் பெயர் இதைவிட ஆழமாக வெட்டும். 2010இல் வெளியான ஆய்வொன்றில் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட மனநலச் சிகிச்சையாளர்களிடம் ஒரே நபரின் கதையைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்குப் போன தாளில் அவரைக் குறிக்கப் பழிதொனிக்கும் சொல். மற்றவர்களுக்கு ‘போதைப் பயன்பாட்டுக் கோளாறு உள்ளவர்’ என்ற சொல். முதல் தாளைப் படித்தவர்கள் அவரே குற்றவாளி, தண்டனைதான் வேண்டும் என்ற பக்கம் கூடுதலாகச் சாய்ந்தார்கள். பயிற்சி பெற்றவர்களே இப்படி. ‘கஞ்சா குடிக்கி’ என்று படிக்கும் பக்கத்து வீட்டுக்காரரை என்ன சொல்வது? 2013இல் வந்த அமெரிக்க மனநல நோய்க் கையேடு 11 அறிகுறிகளைப் பட்டியலிட்டு, 12 மாதத்துக்குள் குறைந்தது இரண்டு இருந்தால்தான் கோளாறு என்கிறது. புகைக்கிற எல்லோரும் ‘அடிமை’ அல்ல. ‘பயன்பாட்டுக் கோளாறு’ தமிழில் கரடுமுரடாக இருக்கிறதா? ‘விட முடியாமல் தவிப்பவர்’ என்று எழுதுங்கள், புரியும்.

இனிப்பான சொல்லும் ஏமாற்றும். ‘இயற்கை மூலிகைதானே’ என்கிறார்கள். அமெரிக்காவில் பறிமுதலான மாதிரிகளில் 1995இல் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம். 2021இல் சுமார் 15. மூலிகை என்ற சொல்லுக்குள் அளவு கிடையாது. ‘மருத்துவக் கஞ்சா’ என்பதும் அப்படித்தான். அரிய வகை வலிப்புகளுக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, போதை தராத சி.பி.டி. என்ற பொருளைப் பிரித்தெடுத்த திரவ மருந்து. அந்தச் செய்திக்குப் புகையும் சுருட்டின் படத்தைப் போட்டால் சொல்லும் படமும் சேர்ந்து பொய் சொல்கின்றன.

‘போதைப்பொருள் பறிமுதல்’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். இந்தியாவின் 1985 சட்டத்தில் கஞ்சா என்றால் பூக்கும் அல்லது காய்க்கும் நுனி. நுனி இல்லாத இலையும் விதையும் அதில் சேராது. பிசின் என்றால் சரஸ். கஞ்சாவில் சிறு அளவின் எல்லை 1 கிலோ, வணிக அளவின் எல்லை 20 கிலோ. தண்டனை அதற்கேற்ப ஏறும். எது, எத்தனை கிராம் என்ற இரண்டும் இல்லாத செய்தியில் வாசகர் மிச்சத்தைப் பயத்தால் நிரப்பிக்கொள்வார்.

கடைசியாக மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒன்று. ஹெம்ப்பைச் ‘சணல்’ என்று பெயர்ப்பதை நிறுத்துங்கள். சாக்குச் சணல் வேறு செடி, வேறு குடும்பம். அமெரிக்காவின் 2018 வேளாண் சட்டம் டி.எச்.சி. 0.3 சதவீதத்தைத் தாண்டாத கஞ்சாச் செடியைத்தான் ஹெம்ப் என்றது. ‘நார்க்கஞ்சா’ என்று எழுதினால் சிலர் முகம் சுளிப்பார்கள். சணல் என்று எழுதினாலோ, அவர்கள் கோணிப்பையை நினைத்துக்கொண்டே கட்டுரையைப் படித்து முடித்துவிடுவார்கள்.