கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

மர்மக் கதை படிக்கிறவர்களுக்குக் கோபம் வர ஒரே ஒரு வரி போதும். "துப்பறிவாளர் இன்ஸ்பெக்டரின் காதருகே குனிந்து ஏதோ சொன்னார். இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது." அதோடு அத்தியாயம் முடிந்துவிடும். துப்பறிவாளருக்கு விஷயம் தெரியும். இன்ஸ்பெக்டருக்கும் இப்போது தெரிந்துவிட்டது. காசு கொடுத்துப் புத்தகம் வாங்கிய எனக்கு மட்டும் தெரியாது. இது என்ன நியாயம்?

நான் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் நீதிமன்றங்களில் தட்டச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பகல் முழுக்கச் சாட்சி சொல்வதை டைப் அடிப்பேன். சாயங்காலம் பேருந்தில் மர்ம நாவல் படிப்பேன். "நாள் முழுக்கக் கொலைக் கேஸையே பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போதும் கொலையையா படிக்கிறே?" என்று கூட வேலை செய்தவர்கள் கேட்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் பேருந்து நிலையத்துப் பெட்டிக்கடையில் மாத நாவல்களைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். அட்டையில் ஒரு துப்பாக்கி, பயந்துபோன ஒரு பெண், பின்னால் ஒரு நிழல். உள்ளே கதையில் துப்பாக்கியே இருக்காது, விஷம்தான் இருக்கும். அதையெல்லாம் யார் பார்த்தார்கள்! தருமபுரியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பக்கத்தைத் திறந்தால், காரிமங்கலம் வருவதற்குள் பிணம் விழுந்திருக்கும். காவேரிப்பட்டணம் வரும்போது போலீஸ் ஒரு அப்பாவியைப் பிடித்து வைத்திருக்கும். கிருஷ்ணகிரி மலை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் கொலைகாரன் கையில் விலங்கு. அந்த நாவல்களின் நீளமும் எங்கள் ஊர்ப் பேருந்தின் வேகமும் பேசிவைத்ததுபோல ஒத்துப்போயின.

அவற்றில் பலவற்றுக்கு ஒரே அச்சு உண்டு. ஒற்றைப்படை அத்தியாயங்கள் ஒரு ஊரில் நடக்கும், இரட்டைப்படை அத்தியாயங்கள் இன்னொரு ஊரில் வேறு ஆட்களோடு நடக்கும். இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று மண்டையை உடைத்துக்கொண்டே வந்தால், கடைசி நாலு பக்கத்தில் இரண்டும் வந்து முட்டிக்கொள்ளும். இந்த அமைப்பைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். மாதாமாதம் அதை எழுதிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

நூலகத்தில் எடுத்த புத்தகங்களில் வேறு மாதிரித் தொல்லை. கடைசித் தாள் கிழிந்திருக்கும். இல்லையென்றால் எனக்கு முன்னால் படித்த புண்ணியவான் முதல் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவைத்திருப்பார்: "டாக்டர்தான் கொன்னான்." அப்படி எழுதியிருந்த ஒரு நாவலை வீம்புக்கு முழுக்கப் படித்தேன். டாக்டர் கொல்லவில்லை. அந்தப் பென்சில்காரருக்கு நிஜமாகவே மர்மக் கதை எழுதும் திறமை இருந்திருக்கிறது.

இப்போது ஏமாற்றங்களுக்கு வருகிறேன். சின்னச் சின்ன ஏமாற்றங்களை விட்டுவிடலாம். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று முளைக்கும் இரட்டைச் சகோதரன், "எல்லாம் கனவு" என்று முடிவது, பேய் மேல் பழியைப் போடுவது, இதெல்லாம் எல்லோரும் புலம்புகிற சங்கதிதான். நீதிமன்றத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் உறுத்துகிற ஒன்று உண்டு. கடைசிக் காட்சியில் கொலைகாரன் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறானே, அதுதான்.

துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துப் பேசுகிறார். நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். கொலைகாரனுக்கு வியர்க்கிறது. "ஆமாம், நான்தான் செய்தேன்" என்று இன்ஸ்பெக்டர் முன்னால் கத்துகிறான். கதை முடிந்தது, சுபம். ஆனால் எங்கள் நீதிமன்றத்தில் கதை அங்கேதான் ஆரம்பிக்கும். 1872-ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 25-ஆவது பிரிவு என்று ஒன்று இருந்தது. காவல்துறை அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று அது சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்திலும் அதே விதி 23-ஆவது பிரிவில் இருக்கிறது. அடித்து உதைத்து வாங்கிய வார்த்தையை வைத்து ஒருவரைத் தூக்கில் போட்டுவிடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். ஆக, நாவலின் கடைசிப் பக்கத்தில் கொலைகாரன் கதறியழுத அந்த நாலு பத்தியும் வழக்குக்கு உதவாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. "கத்தியை அந்தக் கிணற்றில் போட்டேன்" என்று காவலில் இருப்பவர் சொல்லி, அங்கே போய்ப் பார்த்தால் கத்தி கிடைத்தது என்றால், கத்தி கிடைக்கக் காரணமாக இருந்த அந்த அளவுப் பேச்சை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். "அதனால்தான் குத்தினேன்" என்ற பகுதியை ஏற்க முடியாது. அதற்காகத்தான் பொருளைக் கைப்பற்றும்போது சாட்சிகளை வைத்து மகஜர் என்ற பதிவை எழுதுகிறார்கள். பல வழக்குகளில் அந்தச் சாட்சி கிராம நிர்வாக அலுவலர்தான். கத்திக்கு 'சா.பொ. 1', அதாவது சான்றுப் பொருள் 1, என்று எண் போடுவோம். பிறகு விசாரணையில் அரசுத் தரப்புச் சாட்சி கூண்டில் ஏறி, "எனக்கு ஒன்றும் தெரியாதுங்க" என்று சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிவிடுவார். நான் படித்த நாவல்களில் பிறழ் சாட்சி என்று ஒருவரைக்கூடப் பார்த்த ஞாபகம் இல்லை. ஒரு முழு நாவலுக்கான விஷயம் அங்கே சும்மா கிடக்கிறது.

இதனால்தான் இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்றேன். நீதிமன்றத்தில் பெரும்பாலும் யார் செய்தது என்று ஊருக்கே தெரிந்திருக்கும். நிரூபிப்பதுதான் பாடு. நாவலில் யார் என்று தெரியாது, தெரிந்துவிட்டால் நிரூபிப்பதைப் பற்றி யாருக்கும் கவலை கிடையாது. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. நாவல் என்பது எழுதியவரும் படிக்கிறவரும் ஆடுகிற ஆட்டம். ஆட்டம் என்றால் இரண்டு பக்கமும் சீட்டு நேர்மையாக விழவேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

இதை என்னைவிடக் கறாராகக் கேட்டவர்கள் இருந்திருக்கிறார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்று இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர். அவர் 1929-இல் இந்த வகைக் கதைக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். குற்றவாளி கதையின் தொடக்கப் பகுதியிலேயே வந்துவிட வேண்டும். அமானுஷ்யம் கூடாது. ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது. துப்பறிகிறவரே கொலைகாரராக இருக்கக் கூடாது. அவர் கண்ணில் பட்ட தடயம் வாசகருக்கும் உடனே காட்டப்பட வேண்டும். இரட்டையர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே தயார்படுத்தியிருக்க வேண்டும். பாருங்கள், பாதிரியாருக்கும் இரட்டைச் சகோதரன் தொல்லை இருந்திருக்கிறது! மறு வருடம் லண்டனில் தொடங்கிய துப்பறியும் கதாசிரியர்கள் சங்கத்தில், முக்கியமான தடயத்தை வாசகரிடம் மறைக்கமாட்டேன் என்று உறுப்பினர்கள் சத்தியப் பிரமாணமே எடுத்துக்கொண்டார்கள். வேடிக்கைக்காகச் செய்ததுதான் என்றாலும், காதருகே குனிந்து சொல்கிற நம் ஊர்த் துப்பறிவாளர்களுக்கும் அந்தச் சத்தியத்தைச் செய்துவைக்க வேண்டும்.

இதெல்லாம் சேர்ந்துதான் எனக்கென்று ஒரு சவாலை ஏற்படுத்திக்கொண்டேன். புத்தகம் முக்கால்வாசி ஆனதும் மூடிவிடுவேன். ஒரு துண்டுச் சீட்டில் மூன்று விஷயம் எழுதுவேன்: யார், எதற்காக, எந்தப் பக்கத்தில் மாட்டிக்கொண்டார். மூன்றாவதுதான் முக்கியம். முதல் இரண்டையும் குருட்டாம்போக்கில் சொல்லிவிடலாம். 'ரொம்ப நல்லவராக இருக்கிறாரே, இவர்தான்' என்பது ஊகம், அதற்கு மதிப்பெண் கிடையாது. பக்க எண் போட முடியவில்லையென்றால் என் சீட்டு செல்லாது. எழுதி, மடித்து, அட்டைக்குள் வைத்துவிட்டு மறுநாள்தான் மிச்சத்தைப் படிப்பேன். அந்த இரவு இருக்கிறதே, மர்மக் கதையில் அதுதான் ருசியே. பேருந்தில் ஒரே மூச்சில் முடித்த காலத்தில் இந்த ருசி எனக்குக் கிடைக்கவில்லை.

நான் தோற்கும்போது இரண்டு விதமாகத் தோற்கிறேன். ஒன்று, பின்னால் புரட்டிப் பார்த்தால் தடயம் அங்கே இருக்கும், என் கண்தான் தாண்டிப் போயிருக்கும். அந்தத் தோல்வியில் எழுதியவர் மேல் மரியாதை கூடும். இன்னொன்று, எவ்வளவு புரட்டினாலும் தடயமே இருக்காது. அந்த எழுத்தாளரின் அடுத்த புத்தகத்தை நான் வாங்குவதில்லை.

அகதா கிறிஸ்டி 1926-இல் 'ரோஜர் ஆக்ராய்டின் கொலை' எழுதியபோது, இது வாசகரை ஏமாற்றுகிற வேலை என்று சண்டை பிடித்தவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. முடிவு தெரிந்தபின் அதை மறுபடி படித்துப் பாருங்கள். வரிக்கு வரி அவர் காட்ட வேண்டியதைக் காட்டித்தான் இருக்கிறார், நாம்தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். இதற்குமேல் சொன்னால் நானும் அந்தப் பென்சில்காரர் ஆகிவிடுவேன்.

இரண்டாவது சவால் அதிலிருந்து வந்தது. முடிவு தெரிந்த நாவல்களை மட்டுமே ஒரு கோடை முழுக்கப் படிப்பது. பழைய அலமாரியில் இருந்ததை எல்லாம் இறக்கினேன். பாதிக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. ஆள் யார் என்று தெரிந்ததும் கதையில் மிச்சம் எதுவும் இல்லை. தாக்குப்பிடித்தவற்றில் தேவனின் 'துப்பறியும் சாம்பு' உண்டு. சாம்பு புத்தியால் கண்டுபிடிப்பதே இல்லை, எங்கேயோ தடுக்கி விழுவார், திருடன் அகப்படுவான். நாக்ஸ் பாதிரியார் தற்செயலையும் கூடாது என்று தடுத்தவர், அவர் கணக்கில் சாம்பு அத்தனை பரீட்சையிலும் தோற்றுவிடுவார். எனக்கென்னவோ சிரிப்புக்கு அந்த விதியிலிருந்து விலக்கு கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றுகிறது.

வெளிவந்த வரிசைப்படி படிப்பது இன்னொன்று. ஷெர்லக் ஹோம்ஸுக்கு 4 நாவல், 56 சிறுகதை. அவரைப் படைத்தவரே 1893-இல் அருவியில் தள்ளிக் கொன்றுவிட்டுப் பிறகு வாசகர்களின் நச்சரிப்பு தாங்காமல் உயிர்ப்பித்தார். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஹோம்ஸ் அருவியில் விழுந்த மறு வருடமே, 1894-இல், தமிழில் பண்டித நடேச சாஸ்திரி 'தானவன்' என்ற துப்பறியும் நாயகனை வைத்துப் புத்தகம் போட்டுவிட்டார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு ஜே. ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் கோவிந்தன், வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தமிழ்வாணனின் சங்கர்லால் என்று ஒரு பெரிய பரம்பரையே இருக்கிறது. தொடக்ககால நாவல்களின் நடை இன்றைக்குக் கரடுமுரடாக இருக்கும். நடுநடுவே ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டு நமக்குப் புத்திமதி சொல்வார். பொறுத்துக்கொண்டு படித்தேன்.

ஒரு குறை மட்டும் வரிசையாகப் படிக்கப் படிக்கப் பெரிதாகிக்கொண்டே வந்தது. சென்னை வருகிறது, கோயம்புத்தூர் வருகிறது, சிங்கப்பூர்கூட வருகிறது. தருமபுரி வராது. வந்தால், கொலைகாரன் காரில் பெங்களூரு போகும் வழியில் டீ குடிக்கிற ஊராக வரும். நம்மிடம் என்ன இல்லை? ஒகேனக்கல்லில் இந்தக் கரை தமிழ்நாடு, அந்தக் கரை கர்நாடகம். நடு ஆற்றில் ஒரு உடல் மிதந்தால் எந்தக் காவல் நிலையம் எடுப்பது? இப்போதைய சட்டப்படி எந்த நிலையத்திலும் முதல் தகவலைப் பதிவு செய்துவிட்டு, உரிய நிலையத்துக்கு அனுப்பிவிடலாம். அனுப்புகிற அந்த இடைவெளியில் என்னவெல்லாம் நடக்கலாம், யோசித்துப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்கிறது. அங்கே லாரி கவிழ்ந்தால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள், கொலைக்கு அதைவிட நல்ல மறைவு உண்டா? தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டோரத்தில் ஒருவர் இறந்துகிடக்கிறார். யானை மிதித்தது என்கிறார்கள். மிதித்தது யானைதானா? கிருஷ்ணகிரியில் மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள் ராப்பகலாக ஓடும் சீசன் நேரம். லோடு இறக்க வரிசையில் நிற்கும் வண்டிகளில் ஒன்றுக்கு மட்டும் டிரைவர் இல்லை. எழுதத் தெரிந்த நேயர்கள் இதில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், நான் உரிமை கொண்டாடமாட்டேன். தடயத்தை மட்டும் மறைக்காதீர்கள்.

இந்த ஆண்டு எடுத்துக்கொண்ட சவால் கொஞ்சம் கடினம். கொலையே இல்லாத மர்மக் கதைகள். ஹோம்ஸ் கதைகளில் அப்படிப் பல உண்டு, சிலவற்றில் சட்டப்படி குற்றம்கூட இருக்காது. நம் பக்கத்து நடுகற்களைப் பாருங்கள். தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே வைத்திருக்கிறார்கள். எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர், இறந்தவர் யார் என்று வெட்டியிருக்கும். சாவு இருக்கிறதுதான், ஆனால் பல கற்களில் வழக்குக்கு மூலகாரணம் மாடு. மாட்டை ஓட்டிப்போனார்கள், மீட்கப் போனவர் இறந்தார். காணாமல்போன ஒரு மாட்டை வைத்தே இத்தனை சுவாரசியம் இருந்தால், எதற்கு எப்போது பார்த்தாலும் பிணம்?

ஆனால் தமிழில் அப்படித் தேடிக் கண்டுபிடிப்பது சுலபமாக இல்லை. பழைய புத்தகக் கடையில் ஒன்று அகப்பட்டது. அரிசி ஆலை, பூட்டிய பணப்பெட்டி, உள்ளே இருந்த பத்திரத்தைக் காணோம். நேற்று ராத்திரி முக்கால்வாசி வரை படித்து மூடிவைத்தேன். ஆலை முதலாளியின் மைத்துனர் மேல் எல்லோரும் பாய்கிறார்கள். என் சீட்டில் கணக்குப்பிள்ளை பெயர் இருக்கிறது, பக்கம் 41. வீட்டுக்குப் போய்த்தான் பார்க்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.