அட்டவணைக்குக் கீழே ஒரு வரி

மாண்பமை தலைவர் அவர்களே, இந்த அமர்வுக்கு ஏற்பாடு செய்த நூலகக் குழுச் செயலாளர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் பொருளியல் பேராசிரியப் பெருமக்களே, ஆய்வு மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் தமது உரையில் எனக்குப் பாதை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவர்களுக்கு என் நன்றி. ஆய்வேட்டில் ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும், எண் எப்படி வந்தது என்று சொல்லும் ஒரு வரி வேண்டும். என் பேச்சு அதைப் பற்றித்தான்.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்.' தொழில்துறைப் புள்ளிவிவரத்தில் தீர விசாரிக்க வேண்டியவை நான்கு: வகைப்பாட்டுக் குறியீடு, அடிப்படை ஆண்டு (விலைக்கும் தொழில் அமைப்புக்கும் அளவுகோலாக வைக்கும் ஆண்டு), பருவச் சீராக்கம் (பருவத்தால் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவது), வெளியீட்டுத் தேதி.

தொழிலின் பெயரைப் போட்டுத் தேடாதீர்கள். குறியீட்டைப் போட்டுத் தேடுங்கள். காலணித் தொழிலின் உற்பத்திக்கு, ஐ.நா.வின் தொழில் வகைப்பாடான ஐஎஸ்ஐசியின் நான்காம் திருத்தத்தில் 1520, ஐ.நா.வின் தொழில் வளர்ச்சி அமைப்பான யுனிடோவின் தரவில் பாருங்கள். வணிகத்துக்கு, சுங்கத்துறைகளின் சரக்கு வகைப்பாடான எச்எஸ்ஸில் 64-ஆம் அத்தியாயம், ஐ.நா.வின் வணிகத் தரவுத்தளமான காம்ட்ரேடில் கிடைக்கும். 1520-இல் தோல், ரப்பர், துணி எல்லாம் கலந்திருக்கும். தோல் மேற்புறம் உள்ளது மட்டும் வேண்டுமென்றால் எச்எஸ் 6403. ஒரு நாடு காட்டும் ஏற்றுமதியும், வாங்கிய நாடு காட்டும் இறக்குமதியும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. முன்னது பொதுவாகக் கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்ஓபி மதிப்பு. பின்னது சரக்குக் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த சிஐஎஃப் மதிப்பு. அந்த வித்தியாசம் முழுவதையும் கடத்தல் என்று எழுதிவிடாதீர்கள்!

அடிப்படை ஆண்டுக்கு நைஜீரியாவைக் கேளுங்கள். 2014 ஏப்ரல். அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகம் அடிப்படை ஆண்டை 1990-லிருந்து 2010-க்கு மாற்றி அறிவித்தது. 2013-க்கான மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 89 சதவீதம் கூடிவிட்டது! முந்தைய நாள் வரை ஆப்பிரிக்காவின் முதலிடம் தென்னாப்பிரிக்காவுக்கு, மறுநாள் நைஜீரியாவுக்கு. இரவோடு இரவாக ஆலை முளைத்ததா? இல்லை. கைப்பேசிச் சேவையும் திரைப்படத் தொழிலும் ஏற்கெனவே வளர்ந்து நின்றன. பழைய கணக்கு அவற்றைச் சரியாக அளக்கவில்லை. கடனில் ஒரு நைரா குறையவில்லை, ஆனால் உற்பத்தியோடு ஒப்பிட்ட கடன் விகிதம் இறங்கியது. வேளாண்மையின் பங்கும் சுருங்கியது. பழைய தொடரையும் புதிய தொடரையும் ஒட்டுப்போட்டு வரைபடம் போட்டவருக்கு அது பொருளாதாரப் பாய்ச்சலாகத் தெரியும். கண்ணால் காண்பதும் பொய்!

பருவச் சீராக்கத்தை நேரம் கருதி விடுகிறேன். நான் மன்றாட வந்தது வெளியீட்டுத் தேதிக்காக. முதல் மதிப்பீடு வரும், பிறகு திருத்தம் வரும். பல தளங்களில் புதிய எண் பழையதன் மேலேயே ஏறிவிடும். ஈராண்டுக்கு முந்தைய ஆய்வேட்டை இன்று சரிபார்க்கப் போனால் எண் பொருந்தாது. ஆய்வாளர்மேல் வீண்பழி விழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கி 'ஆல்ஃபிரட்' தளத்தில் பழைய பதிப்புகளைத் தேதிவாரியாகக் காக்கிறது. எல்லா நூலகங்களும் அதைச் செய்யலாம்: தரவுக் கோப்பை இறக்கிய அன்றே, பெயரில் தேதியிட்டு, விளக்கக் குறிப்போடு சேமித்தால் போதும்.

செயலாளர் அவர்களே, இன்றைய தீர்மானத்தில் இதையும் சேர்க்க வேண்டுகிறேன்: குறியீடு, அடிப்படை ஆண்டு, நடப்பு விலையா (அந்தந்த ஆண்டின் விலை) நிலை விலையா (அடிப்படை ஆண்டின் விலை), தரவிறக்கிய தேதி. ஒவ்வோர் அட்டவணைக்குக் கீழும் இந்த ஒரு வரி இல்லாத ஆய்வேட்டை மதிப்பீட்டுக்கு ஏற்கக் கூடாது.