மதிலை உயர்த்தினால் பையன் மாறுவானா?

நடுவர் அவர்களே, பெரியோர்களே, வணக்கம். குற்ற வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் அரசு சிறார் இல்லங்களுக்கு முதல் தேவை கண்டிப்பான காவலா, அக்கறையான கவனிப்பா என்பது தலைப்பு. கவனிப்புதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணி அண்ணன் ஆவேசமாகக் கேட்டார்: "பையன்கள் ஏறிக் குதித்து ஓடுகிறார்களே, மதிலை உயர்த்த வேண்டாமா?" சரி, ஓடுகிறார்கள். ஏன் ஓடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை பேசினாரா?

செங்கல்பட்டை மறந்துவிட்டீர்களா அண்ணே? 2022 டிசம்பர் கடைசி. ரயில்வே பேட்டரி திருடியதாகப் பிடிபட்ட 17 வயதுப் பையன், அரசு இல்லத்துக்குள் போன சில நாட்களிலேயே பிணமானான். அவனை அடித்ததாகக் கைதானவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் அந்த இல்லத்து ஊழியர்கள்! மதில் இருந்தது, பூட்டு இருந்தது, காவலும் இருந்தது. அந்தப் பையன்தான் இல்லை. அதன்பிறகுதான் இல்லங்களைச் சீரமைக்க வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு குழு அமைத்தது.

விசாரணை முடியும்வரை பையன்களை வைத்திருக்கும் புரசைவாக்கம் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்து வாசலுக்கு ஒருநாள் போய் நில்லுங்கள். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா, கையில் மடித்த காகிதத்தோடு, "ஜாமீன் எப்போ கிடைக்கும் சார்?" என்று போவோர் வருவோரை எல்லாம் கேட்பார். உள்ளே இருப்பவன் இன்னும் குற்றவாளி என்று முடிவாகாதவன். விசாரணையை நான்கு மாதத்தில் முடிக்கச் சொல்கிறது 2015 இளைஞர் நீதிச் சட்டம். அது இழுத்துக்கொண்டே போனால், அவனுக்குப் பள்ளியில் ஒரு வருஷமே போச்சு. இதைக் கண்டிப்பு சரிசெய்யுமா?

குற்றம் செய்தான் என்று முடிவாகி, அப்படிப்பட்டவர்களுக்கான சிறப்பு இல்லத்துக்கு அனுப்பினாலும் மூன்று வருஷத்துக்கு மேல் வைக்க முடியாது. அப்புறம் அவன் நம் தெருவுக்குத்தான் வரப்போகிறான். வயரிங்கோ ஏசி மெக்கானிக் வேலையோ கற்றுக்கொண்டு வரட்டுமே! போதைப் பழக்கத்தோடு உள்ளே போனவனுக்கு மருத்துவர் வேண்டும், லத்தி எதற்கு?

ஆள் பற்றாக்குறை என்கிறது எதிரணி. நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் எந்த ஆள்? ராத்திரி பத்து மணிக்கு அழுகிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஓர் ஆலோசகர் வேண்டும். மதிலுக்கு ஒதுக்கச் சொல்லும் பணத்தை முதலில் அவருக்குச் சம்பளமாகக் கொடுங்கள். நடுவர் அவர்களே, எங்கள் அணி கேட்பது அதைத்தான்.