தமிழ்த் தலைப்பில் 'இல்லை' எங்கே போகிறது?

வணக்கம் நண்பர்களே. இணையத்தில் தமிழ் எழுதுகிற எல்லோருக்கும் இந்த வீடியோ. செய்தித் தளத்தில் வேலை செய்பவராக இருக்கலாம், அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவுக்கு அறிவிப்பு தட்டுபவராகவும் இருக்கலாம்.

திரையில் ஒரு தலைப்பு போட்டிருக்கிறேன், உதாரணத்துக்காக நானே எழுதியது. “கனமழை எச்சரிக்கை: சென்னையில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை அறிவிக்கப்படவில்லை.” இலக்கணப் பிழை எதுவும் இல்லை. இதுவே போன் நோட்டிஃபிகேஷனில் வந்தால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். “கனமழை எச்சரிக்கை: சென்னையில் நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை…” இடம் தீர்ந்துவிட்டது. செய்தி தலைகீழாகிவிட்டது! ராத்திரி பத்து மணிக்கு இதைப் பார்க்கிற அம்மா, காலை அலாரத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். அதற்கு முன் வகுப்புக் குழுவிலும் போட்டுவிட்டிருப்பார். அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்?

நம் மொழியில் வினை கடைசியில்தான் வரும். இல்லை, வேண்டாம், கூடாது எல்லாம் அந்த வினையோடு ஒட்டிக்கொண்டு வரும். திரை வெட்டுவதும் அதே கடைசியைத்தான். அதனால் 'சுருக்கமாக எழுது' என்ற பொதுவான அறிவுரை நமக்குப் போதாது. மறுத்துச் சொல்வதை முடிந்தவரை நேராகச் சொல்லிவிடுங்கள். “சென்னையில் நாளை பள்ளிகள் இயங்கும்: கலெக்டர் அறிவிப்பு.” இதில் வால் வெட்டுப்பட்டாலும் செய்தி பிழைத்துக்கொள்ளும்.

இன்னொன்று. “குடிநீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம்.” இப்படி எழுதுவது நமக்குப் பழக்கம். கடைசிச் சொல் மறைந்தால் எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். “குடிநீரைக் காய்ச்சிக் குடியுங்கள்” என்றால் முடிந்தது.

திரையில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஜேக்கப் நீல்சன் ரொம்ப காலமாக ஆராய்ந்தவர். 1997-ல் வெளியிட்ட ஆய்வில், சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் பக்கத்தை மேய்ந்துவிட்டுத்தான் போனார்கள், சொல் விடாமல் படித்தவர்கள் 16 சதவீதம்தான். 2006-ல் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தபோது, முதல் சில வரிகளைத் தாண்டியதும் பார்வை பெரும்பாலும் இடது ஓரமாகவே இறங்கியது. அவை ஆங்கிலப் பக்கங்கள். ஆனால் நாமும் இடமிருந்து வலமாகத்தானே படிக்கிறோம்? நம் வினையோ வரியின் மறுகோடியில் நிற்கிறது. வந்து, பார்த்து, ஆய்வு செய்து, உத்தரவிட்டு என்று எச்சங்களைக் கோத்துக்கொண்டே போகும் வாக்கியத்தை அச்சில் பொறுமையாகப் படிப்பார்கள். போனில் பாதியிலேயே கட்டைவிரல் தள்ளிவிடும். முற்றுப்புள்ளி வைக்கத் தயங்காதீர்கள். புள்ளி கூடக் கூட, வினையும் சீக்கிரம் சீக்கிரம் வந்து சேரும்.

சரி, எஸ்எம்எஸ் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து. தமிழுக்கு, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோட் குறியீட்டு முறையில் போவதால், 70 குறியீடு. அந்த 70-ஐயும் முழு எழுத்துகளாக எண்ணிவிடாதீர்கள். புள்ளியும் கொம்பும் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'வெள்ள எச்சரிக்கை' பார்வைக்கு ஒன்பது எழுத்து. இடைவெளியையும் சேர்த்தால் 16 குறியீடு. ஊருக்கே எச்சரிக்கை எழுதுபவருக்கு மிஞ்சுவது 54. அதில் 'பொதுமக்களின் கவனத்திற்கு' என்று தொடங்கினால் அப்புறம் எதைச் சொல்வது? எந்த ஊர், எப்போது, என்ன செய்ய வேண்டும், இது மூன்றும்தான் முதலில் வரவேண்டும்.

கடைசியாக, லிங்க். 'இங்கே கிளிக் செய்யவும்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். பார்வையற்ற நண்பர்கள், திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரில் லிங்க்குகளை மட்டும் வரிசையாகக் கேட்கும் வசதி உண்டு. அவர்களுக்கு 'இங்கே, இங்கே, இங்கே' என்றுதான் கேட்கும். 'நிவாரண விண்ணப்பப் படிவம்' என்று அந்தப் பொருளின் பெயரையே லிங்க்காக வையுங்கள்.

உங்கள் கண்ணில் படும் தலைப்பில் கடைசிச் சொல்லைக் கையால் மறைத்துப் படித்துப் பாருங்கள். பொருள் மாறுகிற தலைப்புகளைக் கமெண்டில் போடுங்கள், அடுத்த வீடியோவில் அவற்றை எடுத்துத் திருத்தி எழுதுவோம்.