வலி மேலே ஏறட்டும்

வணக்கம் நேயர்களே.

பிட்டத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி, தொடையின் பின்புறமாக இறங்கி, கெண்டைக்கால், பாதம் வரைக்கும் சுரீரென்று இழுக்கும் வலியைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறார்கள். டாக்டர்கள் இதை சயாட்டிகா என்பார்கள். வீட்டில் நாம் “நரம்பு இழுக்குது” என்போம், “வாயு பிடிச்சிருக்கு” என்போம், ஸ்கேன் எடுத்தவர்கள் “டிஸ்க் விலகிடுச்சு” என்பார்கள். நான் பிசியோதெரபிஸ்ட். என் வேலையில் பெரும்பகுதி இந்த ஒரு வலியோடுதான் கழிகிறது. இதைக் கேட்கிறவர்களில் சிலர் இப்போதுகூட நாற்காலியில் வலிக்கிற பக்கத்தைத் தூக்கியபடி ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். எழுந்து நின்றே கேளுங்கள். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன்.

முதுகின் அடிப்பகுதியில் இருந்து ஐந்து வேர்கள் கிளம்பி ஒன்றாகச் சேர்ந்து ஒரு நரம்பாகின்றன. உடம்பிலேயே தடித்த நரம்பு அதுதான். பிட்டத்துக்குள் அது ஏறக்குறைய ஒரு விரல் பருமன் இருக்கும். தொடையின் பின்பக்கமாக ஓடி, முழங்காலுக்கு மேலே இரண்டாகப் பிரிந்து, பாதம் வரைக்கும் போகிறது. தொல்லை பெரும்பாலும் வேரில்தான் தொடங்கும். முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கிற டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கி, பக்கத்தில் இருக்கிற வேரை அழுத்தும். அழுத்துவது மட்டுமில்லை, அந்த இடத்தில் வேர் வீங்கிச் சிவந்தும் போகும். அநேகமாக எல்லோருக்கும் முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில் ஒன்றில்தான் இது நடக்கிறது. தெருமுனை மின்பெட்டியில் கோளாறு என்றால் விளக்கு அணைவது உங்கள் வீட்டில். வீட்டு பல்பை மாற்றிப் பயனில்லை. கெண்டைக்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே இருப்பதும் அப்படித்தான்.

அடுத்ததுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கடைசிக்கு வைத்தால் நேரம் போய்விடும். கால்வலியோடு கூட, சிறுநீர் கழிப்பதில் சிரமம் வந்தாலோ, தெரியாமலே சிறுநீரோ மலமோ கசிந்தாலோ, சைக்கிள் சீட்டில் படுகிற இடம், அதாவது பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றிய இடம், மரத்துப் போனாலோ, காலையில் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. ராத்திரி இரண்டு மணி என்றாலும் பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாதத்தைத் தூக்க முடியாமல் செருப்பு தரையில் இழுபட்டாலோ, இரண்டு கால்களிலும் பலம் குறைந்துகொண்டே வந்தாலோ, அதுவும் அப்படித்தான். காய்ச்சலோடு முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, முன்பு புற்றுநோய் வந்தவர்களுக்குப் புதிதாக வருகிற வலி, இவற்றுக்கும் டாக்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கூச்சப்பட்டு இதைச் சொல்லாமல் இருக்கிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், நிறைய. சொல்லுங்கள் அம்மா. சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பை விட்டுப் போகக்கூடும்.

சரி, இவை எதுவும் இல்லாத மற்றவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, நான் சொல்ல வந்த முதல் சேதி நல்ல சேதி. பிதுங்கிய டிஸ்க் வற்றும். உடம்பின் காவல் அணுக்கள் அந்தக் கூழை வேண்டாத பொருளாகப் பார்த்துத் தின்று கரைக்கின்றன. பெரிதாகப் பிதுங்கியதுதான் அதிகமாகக் கரைகிறது என்பதை ஸ்கேன்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் “டிஸ்க் பல்ஜ்” என்று படித்துவிட்டு அழுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கஷ்டமாக இருக்கிறது. 2015இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களின் ஸ்கேன்களை எடுத்துப் பார்த்தது. இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்தது. வலி? ஒன்றும் இல்லை. ரிப்போர்ட்டை மட்டும் வைத்து யாரும் உங்கள் முதுகு முடிந்தது என்று சொல்ல முடியாது.

இரண்டாவது, படுக்கை. “மூணு வாரம் அசையாம படு” என்று பெரியவர்கள் அன்போடு சொல்வார்கள். நெதர்லாந்தில் 183 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவை இரண்டு வாரம் படுக்க வைத்தார்கள், மற்றவர்களை முடிந்தவரை நடமாட விட்டார்கள். 1999இல் முடிவு வந்தது. பன்னிரண்டு வாரம் கழித்து இரண்டு பிரிவிலும் 87 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். படுத்ததால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. தாங்க முடியாத வலி என்றால் ஒன்றிரண்டு நாள் படுத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அதற்குப் பிறகு எழுந்து, வீட்டுக்குள்ளேயாவது, வாசலில் இருந்து கொல்லைப்புறம் வரைக்கும் நடக்க வேண்டும். ஐந்து நிமிடம் நடை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி ஐந்து நிமிடம்.

இப்போது எனக்குப் பிடித்த கதைக்கு வருகிறேன். எந்த மேடை கிடைத்தாலும் இதைச் சொல்லாமல் இருக்க மாட்டேன்.

நியூசிலாந்தில், வெலிங்டன் நகரத்தில், ராபின் மெக்கன்சி என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். 1956இல் அவரிடம் ஒரு நோயாளி வந்துகொண்டிருந்தார். ஸ்மித் என்ற பெயரால் உலகம் முழுக்க எங்கள் துறையில் அவரைத் தெரியும். முதுகில் இருந்து வலி காலுக்கு இறங்கியிருந்தது, முன்னால் குனிந்தால்கூடக் கொஞ்சம் சமாளிப்பார், பின்னால் நிமிரவே முடியாது. மூன்று வாரமாகச் சிகிச்சை, முன்னேற்றம் இல்லை. ஒருநாள் மெக்கன்சி அவரைப் பார்த்து, “உள்ளே போய்க் குப்புறப் படுத்திருங்கள், வந்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டு வேறு வேலையில் இருந்துவிட்டார். அந்தக் கட்டிலை முன்னால் வந்த யாருக்காகவோ ஒரு பக்கம் உயர்த்தி வைத்திருந்தார்கள். யாரும் அதைத் தாழ்த்தவில்லை. ஸ்மித் சொன்னபடி அதிலேயே குப்புறப் படுத்துவிட்டார். மார்பு மேலே, இடுப்பு கீழே, முதுகு பின்னால் வளைந்தபடி. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட நோயாளியை இப்படிப் படுக்க வைப்பது ஆபத்து என்றே எல்லோரும் நினைத்தார்கள். திரும்பி வந்து பார்த்த மெக்கன்சி பதறிப்போனார். எப்படி இருக்கிறது என்று கேட்டார். மூன்று வாரத்தில் இவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை என்றார் ஸ்மித். காலில் இருந்த வலி போய்விட்டது. முதுகின் நடுவில் மட்டும் கொஞ்சம் இருக்கிறது என்றார்.

மெக்கன்சி அதை அதிர்ஷ்டம் என்று விட்டுவிடவில்லை. பலரிடம் கவனமாகப் பார்த்தார், வலி எந்த அசைவுக்கு எங்கே நகர்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். அவர் கண்டதுதான் இன்று நான் உங்களிடம் விட்டுப்போக நினைக்கும் விஷயம். பாதத்தில் இருக்கிற வலி கெண்டைக்காலுக்கு, கெண்டைக்காலில் இருப்பது தொடைக்கு, தொடையில் இருப்பது பிட்டத்துக்கு, அப்புறம் முதுகுக்கு என்று மேலே ஏறினால், நல்லது நடக்கிறது. முதுகில் வலி முன்பைவிடக் கொஞ்சம் கூடியிருந்தாலும் பரவாயில்லை. மறுபடியும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் பயப்படுகிற இடம் இதுதான்: கால் வலி குறைந்து முதுகு வலி கூடினால் அது முன்னேற்றம். முதுகு வலி குறைந்து வலி பாதத்துக்கு இறங்கினால் அது பின்னேற்றம், செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். பாயில் குப்புறப் படுங்கள். இரண்டு மூன்று நிமிடம் சும்மா கிடங்கள். வலி ஏறுகிறதா, இறங்குகிறதா என்று கவனியுங்கள். இறங்கவில்லை என்றால் முழங்கைகளை ஊன்றி மார்பை மட்டும் தூக்குங்கள், சிறு வயதில் தரையில் படுத்துப் புத்தகம் படித்த மாதிரி. இடுப்பு பாயிலேயே இருக்கட்டும். அதுவும் ஒத்துக்கொண்டால் சில நாள் கழித்து உள்ளங்கைகளை ஊன்றி மெதுவாக மேலே எழும்பலாம், பத்துத் தடவை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எந்தக் கட்டத்திலும் வலி கீழே இறங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஒரு பிசியோவிடம் நேரில் காட்டுங்கள். எல்லா முதுகும் பின்னால் வளைவதை விரும்பாது. முக்கியமாக வயதானவர்கள் கவனிக்க வேண்டும். மெரினாவில் கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து, எங்காவது உட்கார்ந்து முன்னால் குனிந்தால் சரியாகிறது என்றால், அது வேறு விஷயம். அங்கே தண்டுவடம் போகும் பாதையே குறுகியிருக்கக்கூடும். அவர்களுக்குக் குனிவதுதான் ஆறுதல், இந்தப் பயிற்சி வேண்டாம்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். சென்னையில் இந்த வலியை வளர்ப்பது உட்காருவதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஆட்டோ ஓட்டும் அண்ணன்கள் இடுப்பை ஒரு பக்கமாகத் திருப்பியபடி நாள் முழுக்க உட்காருகிறார்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் கம்ப்யூட்டர் முன்னால் பிள்ளைகள் கூன்விழ உட்காருகிறார்கள், அப்புறம் அதே கூனோடு ஸ்கூட்டரில் வேகத்தடைகளைத் தாண்டி வீட்டுக்கு வருகிறார்கள். கூன்போட்டு உட்காரும்போது டிஸ்க்கின் மேல் விழும் அழுத்தம் நிற்கும்போது இருப்பதைவிடக் கூடுதல். அதனால்தான் ஆரம்பத்திலேயே உங்களை எழுந்து நிற்கச் சொன்னேன். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னால் சாய்ந்து நிமிருங்கள். தாம்பரத்தில் இருந்து கடற்கரை ஸ்டேஷனுக்கு மின்சார ரயிலில் வருகிறீர்களா, சீட்டு கிடைத்தாலும் நடுவில் சில ஸ்டேஷன்கள் நின்று வாருங்கள். பேன்ட் பின்பாக்கெட்டில் தடித்த பர்ஸ் வைத்து அதன்மேல் உட்காருகிற ஆண்கள் இன்றே அதை முன்பாக்கெட்டுக்கு மாற்றுங்கள்.

கோலம் போடுகிற அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்புகிறது. காலையில் நாம் ஒன்றரை சென்டிமீட்டர் வரை உயரமாகக்கூட இருப்போம். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்குக்குச் சுமை மிக அதிகம். வலி இருக்கிற வாரங்களில் எழுந்ததும் வாசலுக்குப் போய்க் குனிய வேண்டாம். பால் காய்ச்சி, காபி குடித்து, கொஞ்சம் நடமாடி, ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். மார்கழியில் அது முடியாது என்பீர்கள். வீட்டில் இன்னொருவர் போடட்டும். லாரித் தண்ணீர்க் குடத்தையும் அப்படியே, இடுப்பில் ஒரு பக்கமாகத் தூக்காமல் பாதிப் பாதியாக, இரண்டு கையிலும் வாளியாகத் தூக்குங்கள். இந்தியக் கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில், மெடிக்கல் கடையில் கிடைக்கும் கமோடு நாற்காலியைச் சில வாரத்துக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். முக்கி மலம் கழிப்பதும் வலியைச் சுண்டியிழுக்கும், அதனால் தண்ணீர், கீரை, வாழைப்பழம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தும்மல் வந்தால் குனியாதீர்கள், சுவரில் கை வைத்து நிமிர்ந்து தும்முங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து இன்னும் இரண்டு நிமிடம் என்று காட்டுகிறார்கள். மருந்தையும் அறுவை சிகிச்சையையும் விரிவாகப் பேச நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நரம்பு மாத்திரை என்று பரவலாகத் தரப்படும் ப்ரிகாபலின், சயாட்டிகாவுக்கு வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனை 2017இல் சொன்னது. தலைசுற்றல் மட்டும் கூடியது. ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கொடுத்த டாக்டரிடம் கேளுங்கள். அறுவை சிகிச்சையைப் பற்றி: நெதர்லாந்தில் 283 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சீக்கிரம் ஆபரேஷன் செய்து, மற்றவர்களைக் காத்திருக்க வைத்துப் பார்த்து, 2007இல் முடிவைச் சொன்னார்கள். சீக்கிரம் ஆபரேஷன் செய்தவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஒரு வருடம் கழித்து இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அதனால் ஆபத்து அறிகுறி இல்லை என்றால் முடிவு உங்கள் கையில், அவசரம் இல்லை, பயமும் வேண்டாம்.

தூக்கம் பற்றி ஒரே வரி. வலிக்காத பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை வையுங்கள். மல்லாந்து படுத்தால் அதே தலையணை முழங்காலுக்குக் கீழே. எழும்போது மல்லாந்தபடி நேராக எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழுங்கள். வணக்கம்.